மைனியின் வா பெடல்

எங்கள் மைனி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, மீன்குழம்பு வைத்தால் முதல் கரண்டி வீட்டில் யாருக்கும் கிடைக்காது. கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர், முகவரி கேட்டு வாசலில் நிற்கிறவர் என்று அந்த நேரத்தில் யார் அகப்படுகிறாரோ அவருக்குத்தான். சின்னக் கிண்ணத்தில் குழம்பும் பிட்டுப்போட அரை இட்லியும் வைத்துக் கொண்டுபோய் நீட்டுவாள்.

"அண்ணாச்சி, பொய் சொல்லாம சொல்லணும். புளி கூடிருக்கா?"

சிலிண்டர்க்காரர் முதல் தடவை மிரண்டுபோனார். தோளில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒரு வாய் தின்றார்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

"நல்லாருக்குன்னா? இன்னொரு வாய் கேப்பியளா, மாட்டியளா?"

அவர் யோசித்தார். இரண்டாவது வாயை நிதானமாக மென்றார். "உப்பு ஒரு கல்லு பத்தல" என்றார். மைனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேரே அடுப்படிக்குப் போய் உப்பைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கும் எனக்கும் தட்டு வந்தது.

"ஏட்டி, கட்டுன புருசன் நான் சொன்னா ஆவாதா?" என்று அண்ணன் கேட்டான்.

"நீங்க சம்பந்தப்பட்ட ஆளு. ராத்திரியும் சோறு வேணும்லா? நல்லாருக்குன்னுதான் சொல்லுவீய."

மைனிக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். சம்பந்தப்பட்ட ஆள், சம்பந்தமில்லாத ஆள். முதல் வகையிடம் அன்பாக இருப்பாள், சண்டை போடுவாள், காய்ச்சலென்றால் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒரு காரியம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்க மாட்டாள். சேலை எடுக்கப் போனால் கடைக்காரர் சொல்வதையும் கேளாமல், கூட வந்த என் அம்மா சொல்வதையும் கேளாமல், பக்கத்தில் துண்டு எடுக்க வந்த யாரோ ஒரு அம்மாளின் தோளைத் தொட்டுத் திருப்பி, "இந்தக் கலர் எனக்கு எடுக்குமா?" என்று கேட்பாள்.

அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபிறகு பதில் வர ஒரு வாரம் ஆனது. ஏன் தாமதம் என்று எங்களுக்குக் கல்யாணம் முடிந்துதான் தெரிந்தது. அவள் தன் மாமாவை அனுப்பி, அண்ணன் ஆபீசுக்கு எதிரில் டீக்கடை போட்டிருந்தவரிடம் விசாரித்திருக்கிறாள். ஆபீசில் கேட்கவில்லை, பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை. டீக்கடைக்காரர், "குடிச்ச கிளாசத் திரும்பக் கொண்டாந்து வச்சிட்டுப் போற ஒரே ஆளு அவருதான்" என்று சொல்லியிருக்கிறார். அது போதும் என்று சரி சொல்லிவிட்டாள்.

உடன்குடிக்குக் கிழக்கே கடற்கரையில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா வள்ளத்தில் போகிறவர். சின்ன வயதில் அவள் பாடுவாளாம். அத்தைமார், சித்திமார், உபதேசியார் எல்லோரும் குயில் என்றிருக்கிறார்கள். மாதா கோயில் திருநாளன்று மேடை ஏற்றிவிட்டார்கள். பாடி முடித்து இறங்கியதும் கை தட்டினார்கள், கட்டிப் பிடித்தார்கள். ஐஸ் வாங்கப் போன இடத்தில், யார் பிள்ளை என்று தெரியாத ஐஸ்காரர், "பாட்டு பாடுன பிள்ள நீதானா? நாளைக்கு அந்த உச்சத்துக்குப் போவாத தாயி, தொண்ட கிழியுது" என்றாராம்.

"அவரு ஒருத்தருதான் எனக்கு உண்மையச் சொன்னவரு" என்பாள் மைனி. அதோடு பாட்டை விட்டாள். கோயில் பாடற்குழுவில் கிதார் வாசிக்க ஆள் இல்லாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். பெயரைப் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வாள். இப்போது அண்ணனுக்கு மாற்றலாகி அவர்கள் கொச்சியில் இருக்கிறார்கள். மைனி என்றே எழுதுகிறேன்.

அப்போது தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் நானும் என் சேக்காளி ஒருவனும் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். நான் டிரம்ஸ். அவன் கூரியர் ஆபீசில் வேலை, மாலையில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். கல்யாண வீட்டு மெல்லிசை இல்லை. இடி இடிக்கிற வகை. எங்களோடு லீட் கிதார் வாசித்தவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவன் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தபோது, மைனி ஒருநாள் படியேறி வந்து கதவோரம் நின்றாள்.

"வந்ததுல இருந்து கீழ இருந்து கேக்கேன். இதுல எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல, அதனால சொல்லுதேன். நடுவுல ஒரு இடம் வருதுல்லா, அங்கன ஒண்ணுமே இல்ல. பந்தல் போட்டு மாப்பிள்ள வராத மாதிரி இருக்கு."

சேக்காளிக்குச் சுருக்கென்றது. "அதுக்குத்தான் ஆளு தேடுதோம்க்கா."

"நான் வாசிக்கட்டா?"

வாசித்தாள். கோயில் பாட்டுக் கை என்று நினைத்தோம். முதல் நாளே எங்கள் பாட்டின் நடுப்பகுதியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கிதாரைக் கீழே வைத்தபோது வருத்தமாகச் சொன்னாள்: "இனிமே ஒங்களுக்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. நானும் சம்பந்தப்பட்டுட்டேன்."

கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி, லீவில் வந்தபோது சிங்கப்பூரில் பழையதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினோம். அதில் கெய்ன் என்று ஒரு குமிழ். அதைத் திருகத் திருக, தந்தியை விரல் நுனியால் தொட்டாலே லாரி உறுமுகிற மாதிரி உறுமும். எங்கள் வகைச் சங்கீதத்துக்கு அதுதான் உயிர். கூடவே ஒரு வா பெடலும் கொண்டுவந்திருந்தான். தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பலகை. குதிகாலை அழுத்தினால் கிதார் சத்தம் வாயை மூடிக்கொண்டு 'ஊ' என்னும். பெருவிரல் பக்கம் அழுத்தினால் வாயைத் திறந்து 'ஆ' என்னும். மூடி இருந்ததைத் திறந்தால் 'வா'. அதனால்தான் அந்தப் பெயர்.

மைனிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "ஊருல ஒவ்வொண்ணும் என்னமோ பாஷையில கத்துது. இது ஒண்ணுதான் தமிழ் பேசுது" என்றாள்.

ஆனால் முதல் மேடையில் அது பேசவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி விழா. நடுப்பகுதி வந்தது. மைனி பெடலில் கால் வைத்தாள். கெய்ன் முழுக்க ஏற்றியிருந்தோம். பெடல் முன்னால் சாய்ந்ததும் ஒரு கீச்சல் கிளம்பியது பாருங்கள், முன் வரிசையில் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். காலைப் பின்னால் எடுத்தாள், வெறும் இரைச்சல். மறுபடி முன்னால், மறுபடி கீச்சல். ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து பாதிப் பாட்டில் அவள் இணைப்பைப் பிடுங்கிவிட்டார். நானும் சேக்காளியும் மட்டும் மீதியை வாசித்து முடித்தோம்.

இறங்கி வந்ததும் அண்ணன், "ஒண்ணும் மோசமில்லட்டி, மைக்செட்டு சரியில்ல" என்றான். மைனி அவனைத் தாண்டிப்போய் வாசலில் நின்ற கடலை வண்டிக்காரரிடம் கேட்டாள்.

"ஒண்ணும் வெளங்கல தாயி" என்றார் அவர். "ரெண்டு பேரு சண்ட போடுதாவன்னு நெனச்சேன்."

அந்தச் சண்டை எங்களுக்குள்ளும் வந்தது. ஊரில் பொருட்காட்சி வரவிருந்தது. அதில் மாலை நேர மேடையை நடத்துகிற அண்ணாச்சி ஒருவர், எங்களுக்குச் சில பாட்டுகள் வாசிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். சேக்காளி என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். "ஏலே, தப்பா நெனைக்காத. அக்கா நல்லா வாசிக்காவ. ஆனா அந்தப் பெடல் வேண்டாம். இல்ல, அது வேணும்னுதான் நிப்பாவன்னா நாம வேற ஆளப் பாப்போம். இந்த மேடையும் போச்சுன்னா நம்மள ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

தனியே என்று நாங்கள்தான் நினைத்தோம். மைனி படியில் நின்றிருந்தாள். முகம் கறுத்திருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"அவுக சொல்லுதது நாயம்தான் கொழுந்தனாரே. பொருட்காட்சி வரைக்கும் எனக்கு நாள் குடுங்க. சரியா வரலன்னா பெடலோட நானும் எறங்கிக்கிடுதேன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் யாரும் சும்மா கடந்து போக முடியவில்லை. மாடி சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வாசிப்பாள். தெருவில் ஆள் தெரிந்தால் கிதாரோடு எட்டிப் பார்த்து, "இப்ப கேட்டது என்ன மாதிரி இருந்துச்சு?" என்பாள்.

இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, பெடலை ஆம்ப்பின் பின்பக்கம் மாட்டச் சொன்னது நான்தான். முதலில் ஆம்ப் உறுமும், அந்த உறுமலைப் பெடல் திறந்து மூடும். எனக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது. கீரை விற்கிற அம்மாள் தெருவில் கூடையை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஒங்க மோட்டாரு காத்து இழுக்குதும்மா. கெணத்துல தண்ணி கீழ போயிட்டோ?"

மைனி என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். ஒருமுறை அப்படிக் கேட்டபிறகு எனக்கும் வேறு மாதிரி கேட்கவில்லை. மோட்டார் காற்று இழுக்கிற சத்தமேதான். பெடலைக் கழற்றி முன்பக்கம், கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டினோம். இப்போது கிதார் முதலில் வாயைத் திறக்கும், திறந்த வாயை ஆம்ப் பெரிதாக்கும். கொஞ்சம் உயிர் வந்தது. கூடவே பழைய கீச்சலும் வந்தது. சிலிண்டர்க்காரர், "தகரத்த அறுக்காவளா மேல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டை கட்டிய இன்சூரன்ஸ்காரர் ஒருவர் மட்டும், "ரொம்ப அருமையா இருக்குங்க மேடம்" என்றார். அவர் போனதும் மைனி கதவைச் சாத்தினாள். "இவரு கணக்குல சேராது. பாலிசி போட வந்தவரு."

அவள் சோர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒருநாள். அண்ணன் படியில் உட்கார்ந்து, "நல்லாருக்குட்டி, விடு" என்றான். "நீங்க சும்மா இருங்க" என்றாள். அண்ணன் எழுந்துபோய்க் கருப்பட்டிக் காப்பி போட்டு வந்தான். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தானும் ஒரு வாய் குடித்துக்கொண்டே, "இப்ப நான் சொல்லுதது வெளங்குதா?" என்று ஏதோ சொன்னான். வாய் நிறையக் காப்பி. ஒன்றும் விளங்கவில்லை. மைனி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஆம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழுந்தனாரே, அந்தக் கெய்னக் கொறைங்க."

"கொறச்சா சத்து போயிரும் மைனி. நம்ம பாட்டே அதுலதான் இருக்கு."

"வாய்க்குள்ள அம்புட்டையும் அடச்சு வச்சிக்கிட்டுப் பேசச் சொன்னா அது எப்படிப் பேசும்? கொறைங்க."

குறைத்தேன். பாதிக்கும் கீழே வந்ததும் எனக்கு மனசே இல்லை. அவள் போதும் என்று சொல்லவில்லை. இன்னும் குறைக்கச் சொல்லி, அதற்கு ஈடாக மொத்தச் சத்தத்தின் குமிழை ஏற்றினாள். கூர்மையைக் குறைத்து, நடுக் குரலைத் தூக்கினாள். உறுமல் இருந்தது. ஆனால் உறுமலுக்கு நடுவில் ஒரு தொண்டை இருப்பது இப்போது தெரிந்தது. பெடலை முழுக்க முன்னால் சாய்க்கும்போது மட்டும் கீச்சல் மிச்சம் இருந்தது. என் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டை அறுத்துப் பெடலுக்கு அடியில் ஒட்டினாள். அதற்கு மேல் பலகை சாயாது. பிறகு காலைப் பழக்கினாள். நாங்கள் எல்லோரும் வா பெடல் என்றால் தாளத்துக்குத் தகுந்தபடி மிதிப்பது என்று நினைத்திருந்தோம். அவள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, பைய, உதடு பிரிகிற வேகத்தில் காலைச் சாய்த்தாள்.

அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தெருவில் ஒருவர் கல்யாணப் பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு எண்களைப் பார்த்தபடி போனார். எங்கள் வீட்டைத் தாண்டிவிட்டார். மைனி மேலே அந்தச் சுரத்தை வாசித்தாள். அவர் நின்றார். திரும்பினார். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"கூப்ட்டியளா?"

மைனி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னன்னு கேட்டுச்சு அண்ணாச்சி?"

"வான்னு கேட்டுச்சு. ஏன், நீங்க கூப்புடலையா?"

அவள் கீழே ஓடினாள். அந்த மனிதரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் கேட்கக் கேட்க வாசித்துக் காட்டினாள். அவர் ஏரலில் இருந்து வந்தவர், மகளுக்குக் கல்யாணம். தேடி வந்தது அடுத்த தெருவில் யாரையோ. போகும்போது எங்களுக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் சேக்காளி வந்து அந்த 'வா'வைக் கேட்டான். தன் பேஸ் கிதாரைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தான்.

பொருட்காட்சியன்று எங்கள் ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடைக்கு ஏற்றவிடவில்லை. வரிசையாகப் பல குழுக்கள், இடையில் மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, மேடையில் இருக்கிற ஆம்ப்பில்தான் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. அது எங்களுடையதை விடப் பெரியது, இன்னும் வெறி பிடித்தது. எங்களுக்கு முன்னால் வாசித்த குழு எல்லாக் குமிழையும் முழுக்க ஏற்றிவைத்துவிட்டுப் போயிருந்தது. கூட்டம் ராட்டினத்தையும் அப்பளக் கடையையும் நோக்கிக் கலைந்துகொண்டிருந்தது. எதிரே பாதிக்கு மேல் காலி நாற்காலிகள்.

மைனி ஆம்ப் முன்னால் மண்டி போட்டாள். கெய்னைத் திருகிக் கீழே கொண்டுவந்தாள். அண்ணாச்சி மேடையோரம் வந்துவிட்டார்.

"என்னம்மா கொறைக்க? ஆளுவ போய்க்கிட்டு இருக்காவ. ஏத்தி வையி, சத்தத்துக்கு வருவாவ."

"இம்புட்டு நேரமும் சத்தமாத்தானே இருந்துச்சு அண்ணாச்சி. அதுலதான போனாவ?"

அவர் காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். "மொத்தச் சத்தத்த நீங்க அங்கன மைக்செட்டுல ஏத்திக்கிடுங்க. இந்தக் குமிழ மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றாள்.

புது ஆம்ப், புது இடம். இறங்கிப்போய் யாரையாவது பிடித்துக் கேட்டுவிட்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அவள் கண்ணை மூடி ஒரு சுரத்தை மெதுவாகத் தொட்டாள், காலைச் சாய்த்தாள். நடுக் குரலின் குமிழை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். மறுபடி தொட்டாள். கண்ணைத் திறந்து எனக்குத் தலையசைத்தாள்.

ஆரம்பித்தோம். சேக்காளி நன்றாகப் பாடினான். கூட்டம் போன திசையில் போய்க்கொண்டுதான் இருந்தது. நடுப்பகுதி வந்தது. அவனும் நானும் அடங்கினோம். என் காலடி டிரம் மட்டும் நெஞ்சு அடிப்பது மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. மைனி மேல் தந்தியில் ஒரு சுரத்தை எடுத்து, நிற்கவிட்டு, பாதத்தைச் சாய்த்தாள்.

'வா.'

பெரிய மைதானம். அத்தனை ஒலிபெருக்கிகள். இருந்தும் அது கத்தவில்லை, கூப்பிட்டது. வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தது. அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோன ஒரு பெண் கையை இறக்கினாள். மைனி இன்னொரு முறை வாசித்தாள், கொஞ்சம் கெஞ்சலாக. அதற்கடுத்தது அதட்டலாக. ராட்டினத்து வரிசையில் முகங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின.

பலூன் சுடுகிற கடையில் இருந்தவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்: "வாரேன், இரு!"

மைதானமே சிரித்தது. மைனியும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை பத்துப் பேர் "வாரோம்" என்றார்கள். அடுத்த தடவை காலி நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன, அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். சேக்காளி தான் மறுபடி சேர வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது மறந்துவிட்டது. பயிற்சியில் இல்லாத இடத்துக்கெல்லாம் அவள் போனாள். உறுமினாள், இறங்கிவந்து முணுமுணுத்தாள், மறுபடி மேலே ஏறிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் "வாரோம்" என்று திருப்பிச் சொன்னது. முன் வரிசையில் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்து அடுத்த குழு படியில் தயாராக நின்றது. அண்ணாச்சி மேடையேறி வந்தார். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று குச்சியை இறக்கினேன். அவர் அந்தக் குழுவைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, மைனியின் பக்கம் குனிந்தார்.

"இன்னொரு பாட்டு இருக்காம்மா?"

மைனி சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். கீழே நாற்காலி போதாமல் ஆட்கள் மணலில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வியர்வையும் பல்லும்.

"எண்ணுங்க கொழுந்தனாரே" என்றாள். நான் குச்சிகளைத் தூக்கி அடுத்த பாட்டுக்குத் தாளம் எண்ண ஆரம்பித்தேன்.